வலது பக்கம் கிளியர்

மாலை நாலு ஐம்பது. டிசம்பர் மாதம். ஸ்டாக் லேக் மர ஆலையிலிருந்து கெர்வினுக்கு வரும் ஒற்றைத் தடம்... அறுபது மைல், வழியில் ஒரு வீடு கிடையாது. இரண்டு பக்கமும் ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காடு. நாலரைக்கே இருட்டிவிட்டது.

அந்தத் தடத்தில் வந்த சரக்கு ரயிலில் இரண்டே பேர். டிரைவர் யாரென்று அப்புறம் சொல்கிறேன். மற்றவன் லூக் டெரோசியே, கண்டக்டர். நம்மோடு வேலை பார்க்கிற ஜெரோமின் அக்கா புருஷன். ஜெரோம் இன்று இங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று, இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி லூக் அவனிடம் சொன்னது. ஜெரோம் ஒரு நாள் நிறையக் குடித்துவிட்டு என்னிடம் சொன்னது. நான் இதில் ஒரு சொட்டும் கூட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இந்தக் காற்று அடங்கும்வரை நம் வண்டி எதுவும் புறப்படப் போவதில்லை.

ஆலையில் எஞ்சினைத் திருப்ப வசதி கிடையாது. போகும்போது எஞ்சின் முகம் முன்னால் போகும், வரும்போது முதுகு முன்னால் வரும். அப்படி வரும்போது ஓட்டுகிறவனுக்கு எதிரே நாற்பது அடிக்கு இரும்புப் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அவனுக்கு இடது பக்கம் மட்டும்தான் தெரியும். வலது பக்கம் முழுக்கக் கண்டக்டரின் கண். தடம் வலப்புறம் வளைந்தால் டிரைவர் குருடன், அவ்வளவுதான்.

அதனால்தான் அந்த வழக்கம். சாலை குறுக்கிடும் ஒவ்வொரு இடத்துக்கு முன்னாலும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, “வலது கிளியர்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். டிரைவர் “கிளியர்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தம் வராவிட்டால் டிரைவரின் கை பிரேக்குக்குப் போக வேண்டும். அந்தத் தடத்தில் இருபத்திரண்டு இடத்தில் மர லாரிச் சாலை குறுக்கே போகிறது. கேட் கிடையாது, மணி கிடையாது. ஒரு குறுக்குப் பலகை, அவ்வளவுதான். இரண்டு பேரின் உயிரும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் லூக்கோடு டிரைவராக ஓடியவன் ஆர்வோ சாலோ. ஆள் வாட்டசாட்டம், பேச்சு குறைவு. அவன் மனைவி ஹெல்மி ஏலக்காய் போட்டுச் சுடும் ரொட்டியை நீலக் கரை போட்ட துணியில் சுற்றிக் கொடுப்பாள். அதை ஹீட்டர் மேல் வைத்திருப்பான். கேபின் முழுக்க ஏலக்காய் மணக்கும். அவன் பேசுகிற ஒரே பேச்சு அந்தப் பதில்தான். அதையும் இழுத்துத்தான் சொல்வான். “கி...ளியர்.”

லூக்குக்கு அந்தத் தடம் மனப்பாடம். குளிரில் சன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்துவிடும். திறந்து தலையை நீட்டினால் காது கழன்று விழுகிற குளிர். அவன் என்ன செய்வான்? ஹீட்டரில் காலை வைத்துக்கொண்டு, மடியில் ஹாக்கிச் செய்தியை விரித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், “வலது கிளியர்.” பார்ப்பது கிடையாது. ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று குளிர்காலம் அப்படியே ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

முப்பத்தொன்றாம் மைல். வலப்புற வளைவு. வளைவு முடிகிற இடத்தில் சாலை.

“வலது கிளியர்,” என்றான் லூக்.

“கி...ளியர்,” என்றான் ஆர்வோ.

சொல்லி முடித்த பிறகு, ஏனென்று அவனுக்கே தெரியாது, லூக் கண்ணாடியில் கட்டைவிரல் நகத்தால் சும்மா சுரண்டினான். காசு அளவுக்கு ஒரு துவாரம். அதன் வழியே பார்த்தான்.

இரண்டு விளக்கு. தடத்தின் மேல், குறுக்கே... முழு லோடு மரத்தோடு ஒரு லாரி. இருநூறு கஜம்கூட இல்லை.

அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் அவசர பிரேக்கின் சிவப்புப் பிடி இருந்தது. இழுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆர்வோ தரையோடு படுத்திருப்பான். லூக் இழுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். படியில் இறங்கினான். குதித்தான்.

பனிக்குள் முகம் புதைந்தபடிதான் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டான். முதலில் இரும்பு. அப்புறம் கண்ணாடி. அப்புறம் மரங்கள்... ஒன்றன் பின் ஒன்றாக, எஞ்சினின் மேல் உருண்டு உருண்டு. லாரி தடத்தில் சிக்கியதுமே லாரிக்காரன் இறங்கி ஓடியிருந்தான், அவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆர்வோவின் சன்னல் வழியாக ஒரு மரம் உள்ளே புகுந்து, அவன் நெஞ்சின் வழியாகப் போய், பின்சுவரையும் துளைத்துக்கொண்டு வெளியே நாலடி நீட்டிக்கொண்டு நின்றது. அவனைத் தனியாக எடுக்க முடியவில்லை. மரத்தை இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார்கள். வாய் திறந்தபடியே இருந்தது. ஹீட்டர் மேல் ரொட்டி அப்போதும் சூடாக இருந்ததாம்.

விசாரணையில் லூக் கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தான்.

“ரெண்டு தடவ ‘நிறுத்து’ன்னு கத்தினேன் சார். அவரு கேக்கவே இல்ல. கேட்டுட்டும் ஓட்டினாரா, என்னன்னு தெரியல.”

கேபினில் இருந்தது இரண்டு பேர். ஒருவன் செத்தாயிற்று. டிரைவரின் தவறு என்று எழுதி மூடிவிட்டார்கள். ஹெல்மி கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். சவப்பெட்டியைக்கூட யாருக்கும் திறந்து காட்டவில்லை, உள்ளே வைக்க வேண்டியதை அவளே வைத்து அவளே மூடினாள். புருஷன் புத்தி கெட்டுப்போய்ச் செத்தான் என்று ஊர் பேசியதையும் கேட்டுக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு, கூடவே இருந்து பிழைத்தவன் என்று லூக் வீட்டுக்கு ஒரு ரொட்டி சுட்டு அனுப்பினாள். லூக் அதைத் தின்றான். எனக்கு அவன் பொய் சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அதை உட்கார்ந்து தின்றானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

நாலு வருஷம் கெர்வின் யார்டுக்குள்ளேயே வேலை பார்த்தவனை, ஆள் பற்றாக்குறை என்று மறுபடி அந்தத் தடத்துக்கே போட்டார்கள். டிரைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரெய்னோ சாலோ. ஆர்வோவின் தம்பி. முன்கோபக்காரன், கை முதலில் பேசும். முதல் நாளே லூக்கின் தோளில் தட்டிச் சொன்னான்.

“எங்கண்ணன் யாரு சொன்னாலும் கேக்காத ஆளு, அதான் போய்ச் சேந்தான். நான் அப்படியில்லப்பா. நீ ஒரு வார்த்த சொல்லு, அங்கயே நிப்பேன்.”

லூக் தலையை ஆட்டினான். அன்றிலிருந்து இருபத்தொரு இடத்தில் ஒழுங்காகப் பார்த்தான், ஒழுங்காகச் சொன்னான். முப்பத்தொன்றாம் மைல் வளைவு வரும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டே, “வலது கிளியர்.” ஆளைக் கொன்ற அதே பொய், அதே இடத்தில்.

முதல் பனி விழுந்த வாரம் அது ஆரம்பித்தது. ரெய்னோ “கிளியர்” என்பான். அவன் வாயை மூடிய பிறகு, அதே பக்கத்திலிருந்து, இன்னொரு தடவை... “கி...ளியர்.” ரெய்னோ காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சில நாள் கேபினில் ஏலக்காய் வாசனை வந்தது. லூக் ஒரு தரம் நைசாகக் கேட்டுப் பார்த்தான்.

“ஹெல்மி ரொட்டி குடுத்து விட்டாங்களா?”

“அண்ணி ரொட்டி சுட்டு நாலு வருஷம் ஆச்சு. உனக்கு அனுப்பினதுதான் கடைசி.”

இனி அந்த டிசம்பர் மாலை. நாற்பது வண்டி மரக்கூழ் இழுத்துக்கொண்டு ஆலையை விட்டுப் புறப்பட்டார்கள். ஐம்பத்தேழாம் மைல், முதல் சாலை. லூக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

வெளியே யாரோ நின்றுகொண்டிருந்தான்.

எஞ்சினின் பக்கவாட்டில் நடக்க ஒரு பலகை ஓடுமே, அதன் மேல். சன்னலுக்கு நேரே. முதுகைக் காட்டிக்கொண்டு. கம்பளிச் சட்டை. நாற்பது மைல் வேகத்தில் சட்டை நுனிகூட அசையவில்லை. லூக் கண்ணைக் கசக்கினான். புகை, நிழல், எதுவோ ஒன்று. எதுவும் தெரியாமலே “வலது கிளியர்” என்றான்.

ஐம்பத்து மூன்றாம் மைல். இப்போது அவன் திரும்பியிருந்தான்.

முகம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது, எடுக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே. அந்த உடம்பு சன்னலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சில் ஒரு ஓட்டை... வட்டமாக, ஒரு மரத்தின் பருமனுக்கு. ஓரத்தில் மரப்பட்டை ஒட்டியிருந்தது. அந்த ஓட்டை வழியாக, தூரத்தில், எஞ்சின் விளக்கில் தடம் தெரிந்தது. வேறு எங்கேயும் பார்க்க வழியில்லை. தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குள் பார்க்க வேண்டும்.

லூக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் வராததால் ரெய்னோ பிரேக் போட்டான். நாற்பது வண்டியும் ஒன்றின் மேல் ஒன்று மோதி, கடகடவென்று பின்னாலிருந்து வந்த அடியில் லூக்கின் நெற்றி இரும்பில் இடித்தது.

“என்னய்யா ஆச்சு?”

“தெரியல... கண்ணாடில பனி.”

“கண்ணாடிய எறக்கு.”

“எறங்க மாட்டேங்குது.”

அடுத்த சாலையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஐந்து இடத்தில் வண்டி நின்று நின்று கிளம்பியது. ஐந்தாவது தரம் நின்றபோது முப்பத்து மூன்றாம் மைல். ரெய்னோ எழுந்து வந்தான். வரும்போதே கையில் பெரிய ரெஞ்ச் இருந்தது.

“உனக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கண்ணாடி சுத்தமாத்தான இருக்கு. பாரு. பாத்துச் சொல்லு.”

பிடரியைப் பிடித்து லூக்கின் முகத்தைக் கண்ணாடியோடு அழுத்தினான். இந்தப் பக்கம் லூக்கின் முகம். அந்தப் பக்கம் அது. நடுவில் கால் அங்குலக் கண்ணாடி.

“பாத்தியா? என்ன தெரியுது? சொல்லுடா.”

“விட்டுரு... உங்கண்ணன் நிக்கிறான்...”

அதைக் கேட்டதும் ரெய்னோ ஓங்கி அறைந்தான். செத்தவனை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தானோ என்னவோ. இரண்டாவது அடி ரெஞ்சால். லூக்கின் முன்பல் இரண்டும் தரையில் விழுந்து உருண்டன. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது லூக் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ரத்தமும் எச்சிலுமாக, குழறிக் குழறி.

“அன்னிக்கி நான் பாக்கவே இல்ல... பாக்காமதான் கிளியர்னு சொன்னேன். லாரியப் பாத்தப்புறமும் ஒண்ணும் சொல்லல. கதவத் தெறந்து குதிச்சிட்டேன். அவன் மேல தப்பு இல்ல, ரெய்னோ. தப்பே இல்ல.”

எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ரெய்னோ ரெஞ்சைக் கை மாற்றிப் பிடித்தான். அப்புறம் அடித்தான். எத்தனை அடி என்று லூக்குக்குத் தெரியவில்லை. விலா எலும்பு முறிகிற சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டதாக ஜெரோமிடம் சொன்னான். கை ஓய்ந்ததும் ரெய்னோ அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். குரல் இறங்கிவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“இனிமே ஒவ்வொரு எடமும் பாத்துச் சொல்ற. ஊரு வந்ததும் எங்கூட வர்ற. எங்கண்ணி முன்னால நின்னு, இப்பச் சொன்னியே, அதை அப்படியே சொல்ற. அதுவரைக்கும் நீ சாகக்கூடாது.”

விளக்கை அணைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். வண்டி நகர்ந்தது. இறக்கம், வேகம் பிடித்தது. நடுவில் பிரேக்குப் பெட்டி, இருட்டு. ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது.

லூக் வீங்கிய கண்ணைத் திறந்து சன்னலைப் பார்த்தான். யாரும் இல்லை. கண்ணாடி கழுவி விட்டதுபோலத் துல்லியமாக இருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. சொல்லிவிட்டோம், அதனால் போய்விட்டான் என்று நினைத்தானாம். ஹெல்மியின் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தானாம்.

முப்பத்தொன்றாம் மைல். வலப்புற வளைவு. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பார்த்தான்.

இரண்டு விளக்கு. முழு லோடு லாரி. தடத்தின் மேல், நட்ட நடுவில்.

லூக் தன் உயிர் முழுவதையும் சேர்த்துக் கத்தினான். “நிறுத்து...”

அந்தப் பக்கத்திலிருந்து ரெய்னோவின் குரல் நிதானமாக வந்தது. “கிளியர்.”

“நிறுத்துடா ரெய்னோ, லாரி நிக்குது... நிறுத்து...”

“கிளியர்.”

லூக் சிவப்புப் பிடிக்குக் கையை நீட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கம்பளிக் கையுறை. ஈரமாக, கல் போல் குளிர்ந்து, பிடியைப் பொத்திப் பிடித்திருந்தது. புதிதாக அறுத்த மரத்தின் பால் வாசனையும் ஏலக்காய் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் செய்ததையே செய்தான். கதவைத் திறந்தான். படியில் இறங்கினான். குதித்தான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நீங்களும் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள்தான். தடத்தில் லாரி இல்லை. லாரி சாலையில்தான் நின்றது. குறுக்குப் பலகைக்கு இந்தப் பக்கம், வலப்புறம், ஒழுங்காக, ரயில் போகட்டும் என்று காத்துக்கொண்டு. அந்த வளைவில் நாற்பது அடி இரும்புக்குப் பின்னாலிருந்து பார்த்தால், ஓரத்தில் நிற்பது தடத்தின் மேல் நிற்பதாகத்தான் தெரியும். அங்கே நாள்தோறும் உண்மையாகவே பார்த்து வந்தவனுக்கு அது பழகியிருக்கும். லூக் குளிர்கால இருட்டில் அந்த இடத்தைப் பார்த்ததே இரண்டு தடவைதான்.

குதித்தவன் நேராக லாரியின் முன்பக்க இரும்பில் போய் மோதினான். மோதிய வேகத்தில் திரும்ப ரயில் சக்கரத்துக்கடியில் விழுந்தான். இரண்டு காலும் தொடையோடு போயின. லாரிக்காரன் தன் பெல்ட்டையும் சங்கிலியையும் போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் அங்கேயே முடிந்திருப்பான்.

அந்த லாரிக்காரன் போலீஸில் சொன்னது எழுத்தில் இருக்கிறது.

“படியில ரெண்டு பேரு நின்னாங்க. முன்னால நின்னவன் குதிக்கப் பாத்தான். பின்னால நின்னவன் அவன் காலரப் புடிச்சிருந்தான். என் வண்டிக்கு நேரா வர்ற வரைக்கும் விடல. நேரா வந்ததும் விட்டான்.”

“தள்ளினானா?”

“தள்ளல சார். விட்டான். அப்பறம் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டான்.”

ரெய்னோவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அடித்ததை அவன் மறைக்கவில்லை. ஆனால் லூக் குதித்ததே தனக்குத் தெரியாது என்று சாதித்தான்.

“யார்டு வர்ற வரைக்கும் அவன் எங்கூடத்தான் இருந்தான். ஒவ்வொரு எடத்துலயும் கிளியர் சொன்னான். முப்பத்தொண்ணுலயும் கிளியர்னுதான் சொன்னான், ‘நிறுத்து’ன்னு சத்தமே வரல. அதுக்கப்பறம் எல்லாத்தையும் இழுத்து இழுத்து சொன்னான், எங்கண்ணன் மாதிரி. வாங்கினது பத்தாம என்னையக் கிண்டல் பண்றான்னு நெனச்சேன். எறங்கினதும் மிச்சப் பல்லையும் தட்டணும்னு ரெஞ்சை மடியிலயே வச்சிருந்தேன்.”

லூக் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘நிறுத்து’ன்னு ரெண்டு தடவ கத்தினேன், அவன் கேக்கல. முன்பு சொன்ன அதே வாக்கியம்தான். இந்தத் தடவை அது உண்மை. ஒருவரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கெர்வின் யார்டில் வண்டி நின்றதும் ரெய்னோ ரெஞ்சோடு எழுந்து போய் விளக்கைப் போட்டான். நாற்காலி காலி. உட்காரும் இடத்தில் ஆள் எழுந்து போன குழி அப்படியே இருந்தது. மரப்பட்டைத் தூள் சிந்திக் கிடந்தது. ஹீட்டர் மேல் ஒரு பொட்டலம். நீலக் கரை போட்ட துணி. உள்ளே ரொட்டி, தொட்டால் சுட்டது.

போலீஸ் வருவதற்கு முன்னால் அவன் அதை எடுத்துக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனான். லூக் சொன்னதையெல்லாம் சொன்னான். அண்ணன் மேல் தப்பே இல்லை என்று சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மி அழவில்லை. மேசையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல முடிச்சை அவிழ்த்தாள். ரொட்டியை ஒதுக்கி வைத்துவிட்டுத் துணியை விரித்தாள். நடுவில் வட்டமாக, ஒரு மரத்தின் பருமனுக்கு, காய்ந்து கறுத்த கறை.

“இது எங்க கெடச்சுது, ரெய்னோ?”

“எஞ்சின்ல. ஏன் அண்ணி?”

“பெட்டிய மூடறதுக்கு முன்னால, அவரு நெஞ்சு ஓட்டையில நான் வச்சு அடைச்ச துணி இது.”